இரையாத கணினி

சென்ற கிழமை வந்த கடிதங்களுள் ஒன்றை நாம் இருமுறை படித்தோம். எழுதியவர் ஒரு தந்தையார். அவருடைய வீட்டிற் படுக்கைக்கும் படிப்புக்குமாக உள்ளவை இரண்டே அறைகள். மூத்த மகன் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயில்கிறான். இளைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பாட்டியாரும் பிள்ளைகளின் அறையிலேயே உறங்குகிறார். மகன் தான் வரைந்த கட்டடத்திற்கு ஒளியும் நிழலும் ஊட்டி முழுப்படமாக ஆக்கித் தரும்படி இரவிலே தன் பழைய கணினியைப் பணித்துவிட்டால், அது விடியும்வரை ஓலமிடுகிறதாம். மகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போய்விடுகிறாளாம். புதிய கணினி ஒன்றுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு முறைதான் வாங்க முடியும். வேகமும் அமைதியும் ஒன்றாகக் கிடைக்குமா, அன்றி ஒரு பிள்ளையின் படிப்புக்காக மற்றப் பிள்ளையின் படிப்பை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

கிடைக்கும் என்பதே நமது விடை. பெட்டியின்மேல் "அமைதி" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினாற் கிடைக்காது. உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிந்து, அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்த்துப் பூட்டுவித்தாற் கிடைக்கும். அதற்கு வேண்டிய அறிவு பெரிதன்று. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை எவரும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. குசினிக்குப் போன தங்கையே தமையனுக்கு உறுப்புகளைத் தெரிந்து கொடுக்கலாம்.

முதலில், இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். கணினியின் மூளையாகிய சில்லுக்கு வாயில்லை. அதனுள்ளே பல நூறு கோடி நுண்ணிய ஆளிகள் திறப்பதும் மூடுவதும் ஓசையின்றியே நடைபெறுகின்றன. ஆனால் அச்சில்லு உட்கொள்ளும் மின்சத்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை அகற்றாவிடின் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஆதலின் விசிறி வைத்து வளியைச் செலுத்தி வெப்பத்தை வெளியே தள்ளுகிறோம். நம் காதில் விழுவது விசிறி, குற்றமோ வெப்பத்தினுடையது. இதனை மறந்து விசிறியை மாத்திரம் மாற்றுபவர், காய்ச்சலுக்கு மருந்து கொடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுபவரைப் போன்றவர்.

விசிறியே வேண்டாம் என்று துணிந்தவரும் உளர். 1980-ம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் "அப்பிள் மூன்று" என்னும் கணினியை வெளியிட்டபோது, அதில் விசிறி இருத்தலாகாது என்பதில் ஸ்டீவ் ஜொப்ஸ் உறுதியாக நின்றார். வார்ப்பு அலுமினியத்தாலான பெட்டியே வெப்பத்தை வாங்கி வெளியே விடும் என்பது எண்ணம். விற்பனையான கணினிகள் பல பழுதுபட்டுத் திரும்பி வந்தன. சில்லுகள் தம் இருக்கையினின்றும் தளர்ந்து எழுந்தன. கணினியைச் சிறிது தூக்கி மேசைமேல் விழவிட்டாற் சரியாகும் என்று வாங்கியவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டதாகவும் சொல்வர். இருபது ஆண்டு கழித்து, 2000-ம் ஆண்டில், அதே நிறுவனம் கனசதுர வடிவில் விசிறியற்ற கணினியொன்றை மீண்டும் செய்தது. சூடான வளி தானே மேலெழும் என்பதால் நடுவிலே புகைபோக்கி போல ஒரு வழி விட்டிருந்தார்கள். பார்க்க அழகானது, அமைதியானது, விலையோ எட்டாதது. 2001 யூலையில் அதன் உற்பத்தி நின்றது.

எதிர்த்திசையில் ஓடியவர்களும் இருந்தார்கள். 2003-ம் ஆண்டில் என்விடியா நிறுவனம் கொண்டுவந்த ஜீபோர்ஸ் எப். எக்ஸ். 5800 அல்ட்ரா என்னும் கிராபிக்ஸ் அட்டை, வேகத்துக்காக அமைதியை அடியோடு மறந்தது. அதன் சிறு விசிறி போட்ட கூச்சலைக் கேட்டு உலகம் நகைத்தது. தோட்டத்துச் சருகை ஊதித் தள்ளும் இயந்திரத்தோடு அந்த அட்டையை ஒப்பிட்டுக் கேலி செய்யும் படமொன்றை அந்நிறுவனமே எடுத்து வெளியிட்டது. தன் சரக்கைப் பார்த்துத் தானே சிரிக்கும் வியாபாரியை நாம் அடிக்கடி காண்பதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. விசிறி வேண்டும், ஆனால் அது பெரிதாக இருக்கவேண்டும், மெதுவாகச் சுழலவேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விசிறியொன்றின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் வளியும் ஏறத்தாழப் பாதியாகும். ஓசை பாதியாவதோடு நிற்பதில்லை. விசிறியின் ஒலிவலு அதன் சுழற்சி வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி மாறும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. ஆகவே நிமிடத்துக்கு 1,600 முறை சுற்றும் விசிறியை 800 ஆகக் குறைத்தால், வளி பாதியாக, ஒலிவலு முப்பத்திரண்டில் ஒரு பங்காகிறது. டெசிபெல் அளவையிற் சொன்னால் 15 குறைவு. இனி, குறைந்துபோன வளியை ஈடுசெய்ய அதே இனத்து விசிறி இன்னொன்றைப் பக்கத்தில் வைப்போம். சமமான ஓசை இரண்டு கூடினால் 3 டெசிபெல்லே ஏறும். ஆகவே முன்னிருந்த அளவு வளி திரும்பக் கிடைத்துவிட்டது. ஓசையோ 12 டெசிபெல் தாழ்ந்தே நிற்கிறது. பத்து டெசிபெல் குறைந்தால் நமது செவிக்கு ஓசை பாதியானது போலத் தோன்றும். ஒரு விசிறியின் விலைக்கு இது நல்ல வியாபாரம் அல்லவா?

பெட்டியின் உள்ளே வளிக்குப் பல தடைகள் இருப்பதால் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வாராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் போக்கு இதுவே. 80 மில்லிமீற்றர் விசிறி கதறிக்கொண்டு தள்ளும் வளியை 140 மில்லிமீற்றர் விசிறி சோம்பலாகச் சுழன்றே தள்ளிவிடும்.

ஓசையின் அளவைப் போலவே அதன் குணமும் முக்கியம். சிறு விசிறியின் ஓசை கீச்சென்று காதைத் துளைக்கும். பெரிய விசிறியினது தாழ்ந்த முணுமுணுப்பு. இதழ்கள் ஒன்பது உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், செக்கனுக்கு இருபது சுற்று. இதழ்கள் வளியை அறையும் மீடிறன் 180 ஹேர்ட்ஸ். அது காதுக்குப் பொறுக்கத்தக்க தாழ்ந்த சுருதி. மேலும், ஒரே சீராக இருக்கும் ஓசையை மனம் மறந்துவிடும். தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க நாமெல்லாம் உறங்குகிறோம் அன்றோ? ஏறியும் இறங்கியும் வரும் ஓசையே படிக்கிறவளின் கவனத்தைக் கலைக்கும். கிழவியின் உறக்கத்தைக் குலைக்கும். உறங்கும் அறைக்குள் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபெல்லுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ம் ஆண்டிற் பரிந்துரைத்தது. நல்ல உறுப்புகளைத் தெரிந்தால் அந்த எல்லைக்குள் நிற்பது இயலாத காரியமன்று. ஆனால் விசிறிப் பெட்டியின்மேல் உற்பத்தியாளர் அச்சிடும் டெசிபெல் எண்ணை நம்பி, ஒரு நிறுவனத்தின் பொருளை மற்றதனோடு ஒப்பிடவேண்டாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில், ஒவ்வொரு விதமாக அளக்கிறார்கள்.

இனி உறுப்புகளுக்கு வருவோம்.

பணத்தைப் பிரிக்குமுன் மகனிடம் ஒரு கேள்வி கேட்டாகவேண்டும். அவன் எந்த மென்பொருளைக் கொண்டு படமாக்குகிறான்? லுமியன், என்ஸ்கேப் போன்றவை கிராபிக்ஸ் அட்டையைக் கொண்டே வேலை செய்பவை. கொரோனா என்னும் மென்பொருளோ புரொசெசரைக் கொண்டே வேலை செய்வது. முன்னையதாயின் பணத்தின் பெரும்பங்கு அட்டைக்குப் போகவேண்டும், பின்னையதாயிற் புரொசெசருக்கு. இதனைக் கேளாமலே இரண்டிலும் மிகப் பெரியதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பயன்படாத வெப்பத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

புரொசெசரைத் தெரியும்போது நாம் பார்க்கவேண்டிய எண் வேகம் மாத்திரமன்று, வாற்றும் ஆகும். ஏ. எம். டி. நிறுவனத்தின் ரைசன் வரிசையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 செப்டெம்பரில் வந்தது ரைசன் 9 7900 எக்ஸ். 2023 ஜனவரியில் வந்தது, எக்ஸ் என்னும் எழுத்தில்லாத ரைசன் 9 7900. இரண்டிலும் கருக்கள் பன்னிரண்டு. முன்னது 170 வாற்று என்று விலாசம் பெற்றது. பின்னது 65 வாற்று. உண்மையில் முழுச் சுமையில் முன்னது 230 வாற்று வரையும், பின்னது 88 வாற்று வரையும் இழுக்க விடப்பட்டிருக்கின்றன. அத்தனை வாற்றைக் கூடுதலாகத் தின்றும் முன்னதன் உச்ச வேகம் 5.6 கிகாஹேர்ட்ஸ், பின்னதனது 5.4. எல்லாக் கருக்களும் சேர்ந்து நெடுநேரம் உழைக்கும்போது இடைவெளி இதனிலும் கூடுதலாகத் தெரியும் என்பது மெய்யே. ஆயினும் வாற்றிலுள்ள இடைவெளிக்கு அது கிட்டவும் வாராது.

காரணம் பௌதிகவியற் புத்தகத்தில் உள்ளதே. சில்லு செலவிடும் வலு மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் ஏறும். வேகத்தின் கடைசிப் படிகளை எட்டுவதற்கு அழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது. ஆகவே உச்சியிலுள்ள அந்தச் சில நூறு மெகாஹேர்ட்ஸ் அநியாய விலைக்கு வருபவை. உற்பத்தியாளர்கள் பரீட்சை அட்டவணையில் முதலிடம் பெறுவதற்காகச் சில்லுகளை அவ்வுச்சியிலே நிறுத்தி விற்கிறார்கள். இன்டெல் நிறுவனம் 2023 ஒக்டோபரில் வெளியிட்ட கோர் ஐ9 14900 கே 253 வாற்று வரை இழுப்பது. அத்தகைய சில்லை ஏற்கனவே வாங்கியிருப்பவர் கலங்கவேண்டாம். தாய்ப்பலகையின் அமைப்புத் திரைக்குள்ளே சென்று வாற்றுக்கு ஓர் எல்லை இட்டுவிடலாம். ரைசனில் இதற்கென்றே சிக்கன நிலை ஒன்று வைத்திருக்கிறார்கள். படம் முடியச் சில நிமிடம் கூடச் செல்லும்; வீடு உறங்கும்.

புரொசெசரின் மேற் பூட்டும் குளிராக்கியை, கடைப்பேச்சிற் "கூலர்" என்பதை, தேவைக்கு மிஞ்சியதாகவே வாங்கவேண்டும். இங்கே மாத்திரம் நாம் சிக்கனத்துக்கு எதிரி. ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2014-ம் ஆண்டில் வெளியிட்ட என். எச். டி15 இவ்வினத்தில் ஒரு முன்மாதிரி. இரட்டைக் கோபுரமாக அடுக்கிய அலுமினியத் தகடுகள், அவற்றை ஊடுருவும் ஆறு வெப்பக் குழாய்கள், 140 மில்லிமீற்றர் விசிறிகள் இரண்டு. எல்லாம் சேர்ந்து 1,320 கிராம். குழாயினுள்ளே சிறிதளவு திரவம் அடைபட்டிருக்கிறது. சூடான அடியில் அது ஆவியாகி, குளிர்ந்த நுனியில் மீண்டும் திரவமாகி, உள்ளே திரும்பிவருகிறது. இவ்வாறு ஆவியாவதும் ஒடுங்குவதுமாகவே வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. இத்தகைய கோபுரத்தின்கீழ் 88 வாற்றுச் சில்லை வைத்தால், விசிறிகள் சோம்பிக்கிடக்கும். விலை கூடுதல் என்று கருதுவோர்க்கு, தாய்வானின் தேர்மல்றைட் நிறுவனத்தின் பியர்லெஸ் அசாசின் போன்ற இரட்டைக் கோபுரங்கள் மிகக் குறைந்த விலைக்கு வருகின்றன. கருதிய காரியத்துக்கு அவையும் போதும். ஆனால் உயரத்தை அளக்க மறக்கவேண்டாம். என். எச். டி15 இன் உயரம் 165 மில்லிமீற்றர்; ஒடுங்கிய பெட்டியின் கதவு அதன்மேல் மூடாது.

நீரினாற் குளிர்விக்கும் அமைப்பு மேலானதல்லவா என்று பலர் கேட்பர். கண்ணுக்கு அழகானதுதான். 250 வாற்றுக்கு மேல் ஓயாது இழுக்கும் சில்லுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் நீரைச் சுற்றவைக்கும் பம்பி ஒன்று இரவும் பகலும் ஓடவேண்டும். சில்லு சும்மா இருக்கும்போதும் அது முனகும். பம்பி பழுதானால் முழுவதையும் கழற்றி எறியவேண்டும். கோபுரத்தில் பழுதாகக்கூடியது விசிறி ஒன்றே; அதனை மாற்றினால் மீதி இன்னொரு கணினிக்கும் உதவும். ஒரு முறைதான் வாங்க இயலும் என்ற குடும்பத்துக்கு நாம் கோபுரத்தையே சொல்வோம்.

கிராபிக்ஸ் அட்டையே இன்றைய கணினியின் பேரடுப்பு. என்விடியாவின் ஆர். ரி. எக்ஸ். 4090, 2022-ம் ஆண்டில் 450 வாற்று இழுத்தது. 2025 ஜனவரியில் வந்த 5090 இழுப்பது 575 வாற்று. இவற்றை அமைதியாக்குவது யானையை நுனிக்காலில் நடக்கவைப்பது போன்றது. மாணவனொருவனின் தேவைக்கு 200 முதல் 250 வாற்று வரையுள்ள அட்டை தக்கது. 2023-ம் ஆண்டின் 4070 இருநூறு வாற்று. 2025-ம் ஆண்டின் 5070 இருநூற்றைம்பது. ஒரே சில்லைக் கொண்டு பல நிறுவனங்கள் அட்டை செய்து விற்கின்றன. அவற்றுள் மிக ஒடுங்கியதை விட்டு, தடித்த தகட்டு அடுக்கும் மூன்று விசிறியும் உள்ளதைத் தெரிக. சுமை குறைந்த வேளையில் விசிறிகள் முற்றாக நின்றுவிடும் வசதி உண்டா என்றும் கேட்டறிக. எழுதும்போதும் படிக்கும்போதும் அது சிறிதும் ஓசை தராது. அட்டைக்கும் வாற்று எல்லை இடலாம். நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் வேகத்திற் குறைவது பெரும்பாலும் நூற்றுக்குச் சிலவே. முன்சொன்ன உச்சிக் கணக்குத்தான் இங்கும்.

நமது நாட்டுக்கென்று ஒரு சங்கதி உண்டு. மேல்நாட்டு ஆய்வாளர்கள் இவ்வுறுப்புகளைப் பரிசோதிப்பது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பாகை செல்சியஸ் உள்ள அறைகளில். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நண்பகலில் அறை முப்பதைத் தாண்டிநிற்கும். அறையின் வெப்பநிலை எத்தனை பாகை கூடுகிறதோ, உறுப்பின் வெப்பநிலையும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடும். அங்கே எழுபதில் நின்ற சில்லு இங்கே எண்பதில் நிற்கும். விசிறி அதற்கேற்ப விரையும். ஆகவே அவர்கள் "அமைதியானது" என்று புகழ்வதை நாம் "ஓரளவு அமைதியானது" என்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே காரணத்தால், "கேசிங்" என்று கடைகளில் வழங்கும் பெட்டியின் விடயத்தில் நாம் பலரோடு மாறுபடுகிறோம். அமைதி வேண்டுமாயின் நாற்புறமும் அடைத்து உட்புறம் பஞ்சு ஒட்டிய பெட்டியே வாங்கவேண்டும் என்பர். பஞ்சு கீச்சொலியைச் சற்றே விழுங்கும். தாழ்ந்த உறுமலை அது விழுங்காது. வளியை மாத்திரம் நன்றாகத் தடுக்கும். உள்ளே சூடு ஏற, விசிறிகள் விரைய, பஞ்சு விழுங்கியதை விசிறி திருப்பிக் கக்கும். குளிர்நாட்டில் அது ஒருவாறு செல்லும். இங்கே முன்புறம் வலைப்பின்னலாகத் திறந்த, பெரிய விசிறிகளுக்கு இடமுள்ள பெட்டியே நல்லது. சுவீடனின் பிரக்டல் டிசைன் நிறுவனம் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட டொறென்ற் என்னும் பெட்டி முன்புறத்தில் 180 மில்லிமீற்றர் விசிறிகள் இரண்டைக் கொண்டது. அது விலையுயர்ந்தது; அதே தத்துவத்தில் 140 மில்லிமீற்றர் விசிறி இரண்டு முன்னும் ஒன்று பின்னுமாக உள்ள எளிய பெட்டியும் வேலையைச் செய்யும். தூசியைத் தடுக்கும் வலை கழற்றிக் கழுவத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

மின்வழங்கியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனிற் கடைக்காரர் முதலிற் குறைக்கப்பார்க்கும் உறுப்பு இதுவே. நாம் சொன்ன கணினி முழுச் சுமையில் ஏறத்தாழ 400 வாற்று கேட்கும். மின்வழங்கியின் திறன் நூற்றுக்கு 90 ஆயின் அது சுவரிலிருந்து இழுப்பது 444 வாற்று. 44 வாற்று அதனுள்ளேயே வெப்பமாகிறது. திறன் நூற்றுக்கு 80 ஆயின் இழுப்பது 500. உள்ளே வெந்துபோவது 100 வாற்று. இரட்டிப்புக்கும் மேலான அந்த வெப்பத்தை அதன் சிறு விசிறியே தள்ளவேண்டும். 2004-ம் ஆண்டிற் தொடங்கிய "80 பிளஸ்" என்னும் சான்றில் வெண்கலம், வெள்ளி, பொன், பிளாற்றினம், தைற்றேனியம் எனப் படிகள் உண்டு. பொன் போதும். ஆனால் அச்சான்று திறனைச் சொல்வது, ஓசையைச் சொல்வதன்று. ஓசைக்குச் சைப்பிரசு நாட்டின் சைபனெற்றிக்ஸ் நிறுவனம் தனியே தரம் வழங்குகிறது. அதன் மிக உயர்ந்த படி 15 டெசிபெல்லுக்குக் கீழே. 400 வாற்றுத் தேவைக்கு 750 வாற்று வழங்கியை வாங்குவது ஊதாரித்தனம் போலத் தோன்றலாம். பாதிச் சுமையில் அதன் விசிறி மெல்லவே சுழலும். சில வகையில், சுமை குறைந்தபோது சுழலவே மாட்டாது.

தாய்ப்பலகைக்கும் நினைவகத்துக்கும் ஓசையில்லை. அங்கே பார்க்கவேண்டியது விலை. 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போடவேண்டாம். வன்தட்டை ஒழித்துவிடுக. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு 120 ஹேர்ட்ஸில் உறுமி, பெட்டியின் தகடு முழுவதையும் அதிரவைக்கும். அசையும் உறுப்பு எதுவுமில்லாத திண்ம நினைவுத்தட்டே கணினிக்குள் இருக்கட்டும். படங்களின் பிரதியைச் சேமிக்கும் பழைய வன்தட்டை வெளியே வைத்து, வேண்டியபோது மாத்திரம் பூட்டினாற் போதும்.

விசிறியெல்லாம் அடங்கியபின் சிலர் புதிதாக ஒரு மெல்லிய கீச்சொலியைக் கேட்டுத் திகைப்பர். அது அட்டையிலோ மின்வழங்கியிலோ உள்ள தூண்டற் சுருளின் குரல். மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் நுண்ணியதாக அதிர்கிறது. ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளுள் ஒன்று கீச்சிடும், மற்றது கீச்சிடாது. வாங்குமுன் அறிய வழியில்லை. ஆகவே மாற்றித் தர இசையும் கடையில் வாங்குக; எழுத்தில் அதனைப் பெற்றுக்கொள்க. விளையாட்டிலோ முன்காட்சியிலோ செக்கனுக்கு நூற்றுக்கணக்கான படங்களை அட்டை வீணே தீட்டாதபடி எல்லையிட்டால் இக்குரல் பெரும்பாலும் தணியும்.

பூட்டி முடித்த அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. தாய்ப்பலகை தொழிற்சாலையிலிருந்து வரும்போது, சில்லின் சூடு ஒரு கணம் துள்ளினாலும் விசிறியை விரட்டும்படியே வருகிறது. ஒரு கோப்பைத் திறந்தாலே உர்ரென்று எழுந்து மறுகணம் அடங்கும் அந்த ஓசையைப் போலப் படிப்பவரை வருத்துவது வேறில்லை. அமைப்புத் திரையில் விசிறியின் வேகக்கோட்டைத் திருத்துக. அறுபது பாகை வரை ஒரே மெதுவான வேகம். அதன்பின் சிறிது சிறிதாக ஏற்றம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில செக்கன் தாமதம். நான்கு முனைச் செருகியுள்ள விசிறிகளாயின் இதனை எளிதிற் செய்யலாம். பெட்டியை மேசையின்மேல் முகத்துக்கு நேரே வையாது, கீழே, அப்பால் வைத்தால் நல்லது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபெல் குறையும். அறையிற் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆயினும் குறையும். மூடிய அலுமாரிக்குள் மாத்திரம் வைத்துவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அமைதியான கணினி, குளிர்ந்த கணினி அன்று. அது வெப்பத்தைச் சத்தமின்றி அறைக்குள் விடுகிறது, அவ்வளவே. 400 வாற்று என்பது பழைய நூறு வாற்று மின்குமிழ் நான்கை இரவெல்லாம் எரிப்பதற்குச் சமம். அந்த அறையில் முதியவர் ஒருவர் உறங்குகிறார். ஆகவே கணினியை யன்னலருகே வைத்து யன்னலைத் திறந்துவிடுக. இயலுமாயின் நீண்ட வேலைகளைப் பிள்ளைகள் வெளியே சென்றிருக்கும் பகலுக்கு மாற்றுக. மின்தடைக்கு அஞ்சி யூ. பி. எஸ். வாங்குவோர், அதற்குள்ளும் சில வகையில் ஓயாத விசிறி உண்டு என்பதைக் கடையிலேயே கேட்டறிக; கணினியை அடக்கிவிட்டு அதனை இரையவிட்டுப் பயனில்லை.

கொழும்பிற் பம்பலப்பிட்டிக் கடைகளில் வாங்கினாலும், ஊரில் அறிந்த ஒருவர்மூலம் எடுப்பித்தாலும், ஓசையைக் கடையில் நின்று சோதிக்க முயலவேண்டாம். வீதியின் இரைச்சலிலும் குளிரூட்டியின் இரைச்சலிலும் எந்தக் கணினியும் ஊமையாகவே தோன்றும். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊரடங்கிய பின் பத்து மணிக்கு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மகன் ஒரு படத்தை ஆக்கவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கட்டும். வெப்பம் நிலைபெற அவ்வளவு நேரம் வேண்டும். முதல் ஐந்து நிமிட அமைதி பொய்யமைதி. பிறகு மகளைத் தன் மேசையில் இருந்து படிக்கச் சொல்லி, எந்த விசிறி கேட்கிறது என்று அவளே சொல்லட்டும். கேட்பதை ஒரு படி குறைக்க. சில்லு எண்பத்தைந்து பாகைக்குள் நிற்கும்வரை குறைக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்வலையைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்துக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகடுகளின் தூசியை ஊதி அகற்றுக. ஊதும்போது விசிறியின் இதழை ஒரு விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடியாவிட்டால் ஊதும் வேகத்தில் அது கட்டுமீறிச் சுழன்று அச்சு தேயும், அப்பால் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் கரகரக்கும்.